சேர்க்கும் முன் சொல்லிவிடுங்கள், மாஸ்டர்

தற்காப்புக் கலைப் பள்ளி நடத்தும் மாஸ்டர்களுக்கும் ஆசான்களுக்கும் கோச்சுகளுக்கும் வணக்கம்.

23 வருடமாக உங்களைப் போன்றவர்களிடம் அடி வாங்கிக்கொண்டிருப்பவன் எழுதுகிறேன். கராத்தேயில் தொடங்கினேன், ஜூடோவுக்குப் போனேன், முட்டி மக்கர் பண்ண ஆரம்பித்த பிறகு தரையில் உருளும் ஜியு-ஜிட்சுவில் வந்து சேர்ந்திருக்கிறேன். பதக்கம் எதுவும் வாங்கியதில்லை. வகுப்புக்குக் கால்மணி நேரம் முன்னாடியே வந்து, தரையில் விரித்திருக்கும் பயிற்சி மெத்தையான மேட்டைத் துடைத்துவிட்டு, புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பெல்ட் கட்டச் சொல்லிக்கொடுக்கும் பழைய மாணவன் ஒருவன் உங்கள் பள்ளியிலும் இருப்பான். அந்த ரகம்தான் நான். நீங்கள் வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் நடப்பதெல்லாம் எங்கள் கண்ணில்தான் படும்.

ஒருவர் வருகிறார். மேட்டை மிதிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கையில் ஷூவோடு நிற்கிறார். இடைவேளையில் நீங்கள் போய்ப் பேசுகிறீர்கள். எந்த பேட்ச், யூனிஃபார்ம் என்ன சைஸ், ஃபீஸ் மாதாமாதமா மொத்தமாகவா. ஒரு தாளை நீட்டுகிறீர்கள், அவர் கையெழுத்துப் போடுகிறார். காயம் பட்டால் பள்ளி பொறுப்பில்லை என்று அதில் பொடி எழுத்தில் இருக்கிறது. அவர் படிப்பதில்லை, நீங்களும் படித்துக் காட்டுவதில்லை. ஐந்து நிமிடத்தில் காரியம் முடிந்துவிடுகிறது. தன்னை யாரோ தூக்கிப் போடப் போகிறார்கள், கழுத்தை நெரிக்கப் போகிறார்கள், அதற்கெல்லாம் சில விதிகள் உண்டு என்பது அவருக்கு மேட்டில் ஏறிய பிறகுதான் தெரியவருகிறது. சில பேருக்கு அதுவும் தாமதமாக.

எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. ஒன்றரை வருடம் கராத்தே பழகிய தெம்பில் ஒரு ஜூடோ பள்ளியில் சேர்ந்தேன். இரண்டாவது வாரமே ஒரு சீனியரோடு ராண்டோரிக்கு நிற்கச் சொன்னார்கள். முன்கூட்டிப் பேசி வைக்காமல் ஒருவரை ஒருவர் எறியப் பார்ப்பதுதான் ராண்டோரி. அவர் என் காலைப் பின்னாலிருந்து வாரினார். மல்லாக்கச் சாயும்போது எந்த மனிதனும் என்ன செய்வானோ அதைத்தான் நானும் செய்தேன். வலது கையைப் பின்னால் நீட்டித் தரையில் ஊன்றினேன். என் எடை, அவர் எடை, விழுந்த வேகம் எல்லாம் அந்த ஒரு மணிக்கட்டில் போய் இறங்கியது.

“சுளுக்குதான். ரெண்டு நாள்ல சரியாயிடும்” என்றார் மாஸ்டர். எக்ஸ்ரே எடுத்தேன், அதிலும் ஒன்றும் தெரியவில்லை. மூன்று வாரம் கழித்தும் கட்டைவிரலின் அடியில் குழிவாக இருக்கும் இடத்தைத் தொட்டால் உயிர் போனது. மறுபடி எடுத்த படத்தில்தான் ஸ்கேஃபாய்ட் எலும்பில் விரிசல் தெரிந்தது. முந்திரிப் பருப்பு அளவுதான் இருக்கும் அந்த எலும்பு. கை ஊன்றி விழுகிறவர்களுக்கு உடைவதில் பேர்போனது. ரத்த ஓட்டம் குறைவான இடம் என்பதால் கூடவும் நாளாகும். முதல் எக்ஸ்ரேயில் அது கண்ணில் படாமல் போவது சகஜம் என்று டாக்டர் சொன்னார். இன்றைக்கும் நான் தண்டால் எடுப்பதென்றால் முஷ்டியை மடக்கித்தான். உள்ளங்கையை விரித்து ஊன்றினால் ஐந்தாவதிலேயே மணிக்கட்டு எழுந்திருக்கச் சொல்லிவிடும்.

அந்த மாஸ்டரை மோசமானவர் என்று சொல்ல மாட்டேன். நான் பார்த்த ஜூடோக்காரர்களில் கைத்திறமை உள்ளவர்களில் அவர் ஒருவர். ஆனால் விழுவதை ஆறு வாரம் சொல்லிக்கொடுத்தால் புதிதாக வந்தவர்கள் போரடித்து ஓடிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். அந்தப் பயம் உங்களில் நிறைய பேருக்கு இருக்கிறது என்பதால்தான் இந்தக் கடிதம்.

ஜூடோ பிறந்த ஜப்பானிலேயே என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பள்ளிக்கூட ஜூடோவில் 1983-க்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளில் நூறு மாணவர்களுக்கு மேல் இறந்துபோனார்கள். பெரும்பாலும் தலைக்காயம். அதிலும் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளைகள்தான் அதிகம். ஓசோதோ-காரி போல மல்லாக்கச் சாய்க்கும் எறியில் பின்னந்தலை மேட்டில் மோதும்போது மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் போகும் மெல்லிய ரத்தநாளங்கள் அறுந்துபோகின்றன. தலை நேராக மோதாமல் வெடுக்கென்று சுழன்றாலே சில சமயம் அறுந்துவிடும். 2022-இல் அந்த நாட்டு ஜூடோ கூட்டமைப்பு, ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கான தேசியத் தனிநபர் போட்டியையே நிறுத்திவிட்டது. ஜெயித்தே ஆக வேண்டும் என்ற வெறி பெரியவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்குகிறது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். அவ்வளவு அனுபவம் உள்ள நாடே அப்படி யோசிக்கிறது என்றால், நாம் இரண்டாவது வாரத்தில் ராண்டோரிக்கு அனுப்புவது எந்த நியாயத்தில் சேர்த்தி?

விழுவது பெரிய வித்தை இல்லை, பொறுமையான வேலை. முதலில் மல்லாக்கப் படுக்க வைத்து, தாடையை நெஞ்சோடு ஒட்டச் சொல்ல வேண்டும். “உன் பெல்ட் முடிச்சைப் பாரு” என்றால் போதும், தலை தானாகத் தூக்கிக்கொள்ளும். இரண்டு கைகளும் உடம்பிலிருந்து கொஞ்சம் விலகி, தோளிலிருந்து உள்ளங்கை வரை முழுக் கையும் ஒரே நேரத்தில் மேட்டை அறைய வேண்டும். முழங்கை முந்தினால் தோள் போகும். அறையும்போது மூச்சை வெளியே விட வேண்டும். இது படிந்த பிறகு குந்தியிருந்து விழுவது, பிறகு நின்றபடி, பிறகு பக்கவாட்டில், கடைசியில்தான் இன்னொருவர் எறிய விழுவது. நூறு தடவை விழுந்த பிறகு கை பின்னால் போகிற பழக்கம் விட்டுப்போகும். இதற்கு எத்தனை வாரம் ஆகும், அதுவரை யாரும் எறிய மாட்டார்கள் என்று சேர்க்கும்போதே சொல்லிவிட்டால் யாரும் ஓடமாட்டார்கள். ஓடுகிறவர் ஓடட்டுமே.

கராத்தே, டேக்வாண்டோ, குத்துச்சண்டை, முவே தாய் சொல்லிக்கொடுப்பவர்கள் இது நமக்கில்லை என்று நகர்ந்துவிட வேண்டாம். நீங்கள் சொல்ல வேண்டியது ஸ்பாரிங், அதாவது ஜோடியாக நின்று நிஜமாக அடித்துப் பழகுவது. எத்தனாவது மாதம் தொடங்கும், எவ்வளவு வேகம், தலைக்கு அடி உண்டா, மவுத் கார்டு, ஷின் கார்டு இல்லாமல் நிற்க விடுவீர்களா? தலையில் அடி வாங்கித் தடுமாறினவர், தலை சுற்றுகிறது, வெளிச்சம் கூசுகிறது, குமட்டுகிறது என்று சொல்பவர், அன்றைக்கு மறுபடி இறங்கக் கூடாது. டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை இறங்கவே கூடாது. முதல் அடி ஆறாமல் இரண்டாவது பட்டால் மூளை வீங்கி உயிரே போன கதைகள் உண்டு. “தாங்கிக்கோ, பழகிடும்” என்பது தாடை எலும்புக்கே பொருந்தாது. மூளைக்கு எங்கே பொருந்தும்?

ஜூடோ, ஜியு-ஜிட்சு போன்ற பிடிக்கலைகளில் சேருகிறவருக்கு முதல் நாளே சொல்ல வேண்டியது டேப், அதாவது ‘போதும், விட்டுவிடு’ என்று காட்டும் அடையாளம். எதிராளி உடம்பிலோ மேட்டிலோ கையால் இரண்டு தட்டு. கை சிக்கியிருந்தால் வாயால் “டேப்” என்று கத்தலாம், காலால் மேட்டைத் தட்டலாம். இதைச் சொல்லாமல் விட்ட ஒரு மாலை எனக்கு மறக்காது. புதிதாக வந்த ஒரு வாலிபர் நல்ல கட்டுமஸ்தான ஆள். அவர் கழுத்தில் எங்கள் சீனியர் ஒருவர் பின்னாலிருந்து கை போட்டார். முகம் சிவந்தது, அப்புறம் கருநீலம். தட்டவில்லை. தட்டுவது தோல்வி என்று நினைத்தாரா, தட்டலாம் என்பதே தெரியாதா என்று நாங்கள் யோசிப்பதற்குள் கைகள் தொய்ந்துவிட்டன. கழுத்தின் இரண்டு பக்கமும் ரத்தநாளம் அழுந்தினால் பத்து நொடிக்குள் நினைவு தப்பும். விட்டவுடன் கண் திறந்துவிட்டார். “என்ன ஆச்சு?” என்று கேட்டார். அவருக்கு யாரும் டேப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை. நான் உட்பட. அன்றைக்கு அவருக்கு பெல்ட் கட்டிவிட்டவன் நான்தான்.

கால் பூட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. குதிகாலைப் பிடித்துக் காலை முறுக்கும் ஹீல் ஹுக்கில் வலி தெரிவதற்குள் முட்டியின் தசைநார் கிழிந்துவிடும். வலித்தால் தட்டலாம் என்ற கணக்கு அதில் செல்லாது. புதியவர்கள் பக்கத்திலேயே அதைக் கொண்டுவராதீர்கள்.

அடுத்து பெல்ட். போஸ்டரில் “இத்தனை மாதத்தில் ப்ளாக் பெல்ட்” என்று போடும் புண்ணியவான்களிடம் எனக்குப் பேச்சே இல்லை. மற்றவர்கள் தயவுசெய்து அந்தத் துணியின் கதையை ஒருமுறை புதியவர்களுக்குச் சொல்லுங்கள். ஜிகோரோ கானோ 1882-இல் பன்னிரண்டு பாய் விரித்த இடத்தில் ஜூடோ தொடங்கியபோது கலர் பெல்ட் கிடையாது. கருப்பு பெல்ட் அந்தப் பத்தாண்டிலேயே வந்தது. கிச்சின் ஃபுனாகோஷி ஓகினாவா கராத்தேயை 1922-இல் டோக்கியோவில் செய்து காட்டிய பிறகு, ஜூடோவின் உடுப்பையும் பெல்ட்டையும் கராத்தேக்கும் எடுத்துக்கொண்டு, 1924-இல் முதல் கருப்பு பெல்ட்டுகளைக் கொடுத்தார். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்ற வானவில் வரிசை பரவியது ஐரோப்பாவில். 1930-களில் பாரிஸில் ஜூடோ கற்பித்த மிகினோசுகே கவாய்ஷிக்கு அதில் பெரிய பங்கு. (வெள்ளை பெல்ட் அழுக்கேறி அழுக்கேறிக் கருப்பாச்சு என்று ஒரு கதை சொல்வோமே, அது கட்டுக்கதை. நானும் நிறைய பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பெல்ட்டைத் துவைக்கச் சொல்லுங்கள், படர்தாமரை மேட்டில் சுலபமாகத் தொற்றும். நகத்தையும் வெட்டச் சொல்லுங்கள்.)

ப்ளாக் பெல்ட்டின் முதல் படியான முதல் டான் பட்டத்துக்கு ஜப்பானியில் ஷோடான் என்று பேர். ‘ஷோ’ என்றால் தொடக்கம். அதாவது ப்ளாக் பெல்ட் கிடைத்தவர் இனிமேல்தான் படிக்கத் தொடங்குகிறார் என்று பேர் வைத்தவர்களே சொல்லிவிட்டார்கள். சேர வருகிறவரோ அதைக் கடைசிப் படி என்று நினைத்துக்கொண்டு வருகிறார். ஒரு பள்ளியின் பச்சை பெல்ட் இன்னொரு பள்ளியில் செல்லாமல் போகலாம். கிரேடிங் என்ற பெல்ட் தேர்வுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்கும், அது எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, ஃபெயில் ஆவார்களா மாட்டார்களா என்பதையும் சொல்லிவிடுங்கள். யாரும் ஃபெயில் ஆகாத கிரேடிங் என்றால் அதற்குப் பேர் கிரேடிங்கா, வசூலா என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

“எந்தக் கலை பெஸ்ட், மாஸ்டர்?” வருகிறவர்களில் பாதிப் பேர் இதைக் கேட்கிறார்கள். “நம்மளோடதுதான்” என்று நீங்கள் சிரித்துக்கொண்டே சொல்வீர்கள், அதை அவர் நம்பிவிடுவார். 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வரில், வெவ்வேறு கலைக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் மோதும் யூஎஃப்சி போட்டி முதல்முறை நடந்தபோது, பார்ப்பதற்கு ஒல்லியாக இருந்த ஜியு-ஜிட்சுக்காரர் ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரை மடக்கினார். ஜியு-ஜிட்சுவை வென்றவர் இல்லை என்று உலகமே பேசியது. சில வருடத்துக்குள் மல்யுத்தக்காரர்களும் குத்துச்சண்டைக்காரர்களும் அந்தப் பூட்டுகளிலிருந்து தப்பிக்கப் பழகிக்கொண்டு வந்துவிட்டார்கள். அதனால் இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில், எதை யாரோடு எப்படிப் பயிற்சி செய்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. டேக்வாண்டோ போட்டியில் உடம்பில் குத்தினால் ஒரு புள்ளி, உதைத்தால் இரண்டு, தலையில் உதைத்தால் மூன்று. அந்தக் கணக்கில் பழகிய உடம்பு உதைக்கத்தான் பார்க்கும், தலைக்கு வரும் குத்தைத் தடுக்கக் கை மேலே ஏறாது. ஜூடோ போட்டிகளில் காலைக் கையால் பிடிப்பதை 2010-இல் கட்டுப்படுத்தி 2013-இல் அடியோடு தடுத்தார்கள். அதற்குப் பிறகு பழகத் தொடங்கியவருக்குக் காலைப் பிடிக்க வரும் எதிராளி புதிய மிருகம். இதெல்லாம் குறை கிடையாது. விதி எப்படியோ பயிற்சி அப்படி. “எங்களிடம் இது கிடைக்கும், இது கிடைக்காது” என்று ஒரு பள்ளி சொன்னால் அந்தப் பள்ளி மேல் எனக்கு மரியாதை கூடும்.

தற்காப்பு என்ற வார்த்தையைப் போஸ்டரில் பெரிதாகப் போடுகிறவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். ரப்பர் கத்தியோடு ஒரு மாணவன் ஒரே ஒரு குத்து குத்திவிட்டுக் கையை அப்படியே நீட்டி வைத்திருக்க, நீங்கள் முறுக்கிக் கீழே தள்ளுகிறீர்கள் அல்லவா? அடுத்த வகுப்பில் கத்திக்குப் பதில் ஒரு சிவப்பு மார்க்கர் பேனாவைக் கொடுங்கள். உங்கள் சிறந்த மாணவருக்கு வெள்ளை டீ-ஷர்ட் போட்டுவிடுங்கள். பேனா வைத்திருப்பவரிடம், “கையை இழுத்து இழுத்து எத்தனை முடியுமோ அத்தனை கோடு போடு” என்று சொல்லிவிட்டு முப்பது நொடி பாருங்கள். நான் அந்த டீ-ஷர்ட்டைப் போட்டவன். கழுத்திலும் முழங்கை உள்பக்கமும் வயிற்றிலுமாகக் கோடு. ஒன்றைக்கூட எண்ணித் தடுத்ததாக நினைவில்லை. அன்றைக்குத்தான் ஓடுவதும் ஒரு உத்தி என்று மனசார ஒப்புக்கொண்டேன். இதை முதல் வாரத்திலேயே புதியவருக்குக் காட்டினால், நாலு வகுப்பு போய்விட்டுத் தெருவில் யாரிடமாவது வீரம் காட்டப் போகமாட்டார்.

ஒப்பந்தம், பணம் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. நடுவில் நிறுத்தினால் பணம் திரும்புமா, காயம் பட்டு மாதக்கணக்கில் வரமுடியாமல் போனால் அந்த மாதங்கள் தள்ளிப்போகுமா, இன்ஷூரன்ஸ் உண்டா, உடுப்பை உங்களிடம்தான் வாங்க வேண்டுமா? நாலு வரியில் எழுதி வாசலில் ஒட்டிவிடலாம். அதோடு நீங்களும் அவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. இதயக் கோளாறு, வலிப்பு, ஆஸ்துமா, முன்பு நழுவிய தோள், கர்ப்பம், காண்டாக்ட் லென்ஸ். கேட்காமல் விட்டுவிட்டு, வார்ம்-அப்பில் ஒருவர் மூச்சிரைத்து உட்காரும்போது பதறுவதில் பயனில்லை.

இன்னொன்று, எழுதவே சங்கடமாக இருப்பது. நம் கலைகள் தொட்டுச் சொல்லிக்கொடுக்கும் கலைகள். மாஸ்டர் சொன்னால் மறுபேச்சு கிடையாது என்ற பழக்கமும் கூடவே இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் தப்பான ஆள் ஒருவன் நுழைந்தால் அவனுக்கு எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள். அதனால் பிள்ளைகள் வகுப்பு எப்போதும் பெற்றோர் பார்க்கும்படி திறந்திருக்கும், மூடிய கதவுக்குப் பின்னால் தனி வகுப்பு கிடையாது, பயிற்றுநர் யாரும் பிள்ளைகளுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பமாட்டார், யாரோடு ஜோடி சேரப் பிடிக்கவில்லை என்றாலும் காரணம் சொல்லாமல் மறுக்கலாம் என்று முதல் நாளே வாய்விட்டுச் சொல்லுங்கள். நல்ல மாஸ்டருக்கு இதைச் சொல்வதில் ஒரு நஷ்டமும் இல்லை. “எங்க பள்ளி குடும்பம் மாதிரி, இதெல்லாம் எதுக்கு?” என்று கேட்பவரிடம் நான் பிள்ளையைச் சேர்க்கமாட்டேன்.

இதெல்லாம் சொல்ல நேரம் ஏது என்பீர்கள். நான் இப்போது போகும் பள்ளியில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சுவரோரம் ஒரு நாற்காலி. சேர வருகிறவர் இரண்டு முழு வகுப்பு அதில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் பணம் வாங்குவார்கள். உட்கார்ந்து பார்க்கிறவருக்குப் பாதி விஷயம் சொல்லாமலே புரிந்துவிடுகிறது. பெரிய ஆள் சின்ன ஆளோடு நிற்கும்போது கை எவ்வளவு இளகுகிறது, தப்புச் செய்தவனை மாஸ்டர் எந்தக் குரலில் திருத்துகிறார், காயம்பட்டு ஓரமாக உட்கார்ந்திருப்பவனிடம் யாராவது போய்ப் பேசுகிறார்களா, எல்லாம் அங்கிருந்து தெரியும்.

போன மாதம் ஒரு பெண்மணி அந்த நாற்காலியில் இருந்தார். நாற்பது வயதிருக்கும். இரண்டாவது வகுப்பு முடிந்ததும், முட்டியில் பட்டை போட்டிருந்த எங்கள் பிரவுன் பெல்ட் ஒருவரிடம் நேராகப் போய், “இது எப்படி ஆச்சு?” என்று கேட்டார்.

“என் தப்புதான். தட்டியிருக்கணும், தட்டலை” என்றார் அவர்.

“தட்டறதுன்னா?”

அவர் குனிந்து மேட்டில் இரண்டு முறை தட்டிக் காட்டினார். அந்தம்மாவும் குனிந்து தட்டிப் பார்த்தார். பிறகு மாஸ்டரிடம் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, பொடி எழுத்து உட்பட, நின்றபடியே முழுக்கப் படித்தார். மாஸ்டர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

இப்படிக்கு,
மேட் துடைக்கும் பழைய மாணவன் ஒருவன்